பேதி ஞாயிறு

பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் புகட்டுவதில் இந்த ரப்பர் தோட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சிலர் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். அது தப்பு, பிள்ளை திணறித் துப்பிவிடும். கரண்டியை உதட்டோரம் வைத்துக்கொண்டு, வேறு எங்கேயோ பார்க்கிற மாதிரி நின்று, திடீரென்று பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். "என்ன?" என்று வாய் திறக்கும். அவ்வளவுதான், எண்ணெய் உள்ளே போய்விடும். உங்களுக்கே எத்தனை தடவை அப்படி ஊற்றியிருக்கிறேன், தம்பி. நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது உங்களுக்குப் பதினொரு வயது. விறகுக் கட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் சயாமிலிருந்து திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒன்று கேட்டீர்கள்.

"அண்ணி, அண்ணன் நெசமாவே சீக்கா படுத்தாரா? இல்ல, என்னைத் தள்ளி விட்டுட்டு அவரு தப்பிச்சுக்கிட்டாரா? ரெண்டரை வருசமா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டேன். இப்போது வேலை முடிந்தது. முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி உங்களுக்குத் தெரியும். எட்டுக் கட்டில், ஒரு மருந்து அலமாரி, டாக்டர் வேலையெல்லாம் பார்க்கிற டிரெசர் கணேசமூர்த்தி ஐயா, கூடமாட உதவிக்கு ஆயாவாக நான். மாதத்தின் முதல் ஞாயிறு பேதி ஞாயிறு. சனிக்கிழமை பொழுது சாயும்போது கூலி ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. வெறும் வயித்தோட இருங்க." என் தலையைக் கண்டதுமே பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும். பெரியவர்களும் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனாலும் விடிந்ததும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

டிரெசர் ஐயா எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார். வயிற்றில் அழுக்கு நின்றால் ஈரல் கெடும். ஈரல் கெட்டால் மண்ணீரல் வீங்கும். அப்புறம் சிறுநீரகம் நீரைத் தள்ளாது, ஆள் ஊதிப்போவான். "பால் வாளி மாதிரிதான், பஞ்சால, நம்ம ஒடம்பும்," என்பார். "நேத்துப் பால கழுவாம இன்னிக்குப் பால ஊத்துனா கட்டி தட்டிப் போவுதா இல்லியா? உள்ள சுத்தமா இருந்தா வேண்டாத சதை தானா எறங்கிடும்." பெரிய துரையின் தொப்பையை அவர் அப்படித்தான் இறக்கினார். வாரத்துக்கு இரண்டு நாள் பேதி உப்பு, மற்ற நாளில் ஈரலுக்குக் கீழாநெல்லிச் சாறு. மூன்று மாதத்தில் துரையின் இடுப்பு வாரில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. துரைசாணி எனக்கு முகத்துக்குப் பூசுகிற புட்டா மாவு டின் ஒன்று கொடுத்தாள்.

ஜப்பான்காரன் வந்தபோது துரை ஓடிப்போனார். டிரெசர் ஐயா அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்து, "பாத்துக்க பஞ்சால, ரெண்டு வாரத்துல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சிரம்பான் டவுனுக்குப் போனார். இன்றுவரை வரவில்லை. சாவி இதோ என் முந்தானையில் இருக்கிறது.

உங்கள் அண்ணனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரெல்லாம் மரவள்ளியைத் தின்று எலும்பும் தோலுமாகப் போனபோதும் அவர் உடம்பு குறையவில்லை. மதார் மைதீன் கடையில் விறகு பிளந்து கொடுத்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே நாலு பேரோடு சிரித்துப் பேசிவிட்டு, படுக்க மட்டும் இங்கே வருவார். பதினோரு வருடம் அப்படித்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னை அவர் கூப்பிட்டதெல்லாம் "இந்தா", "ஏய்" அவ்வளவுதான். நான் குறை சொல்லவில்லை. அடிக்காத மனிதன் கிடைப்பதே அபூர்வம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சரி என்று இருந்தேன்.

வைகாசியில், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கப் போகிறார்கள் என்று, கங்காணி வேலை பார்க்கிற மண்டோர் முருகையா வந்து சொன்னார். ஸ்டோரில் ரப்பர் நிறுக்கிற பெரிய தராசில் ஆளை ஏற்றிப் பார்ப்பார்களாம். கனத்த ஆளை முதலில் எழுதுவார்களாம். வயிற்றுப்போக்கு உள்ளவனை மட்டும் தொட மாட்டார்கள். ஒருவனிடமிருந்து ரயில் பெட்டி முழுக்கப் பரவிவிடும் என்று பயம். அன்று உங்கள் அண்ணன் முதல் தடவையாக என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஒன்கிட்டதான் மருந்து இருக்கே. இந்தத் தொப்பைய எறக்கி விடேன்லா. துரைக்கே எறக்குன ஆளுங்களாச்சே நீங்கள்லாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மூன்று நாள் கொடுத்தேன். அப்போது அவரே வாங்கிக் குடித்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. லாரி வந்த அன்று காலையில் தராசில் ஏறியபோது ஒரு பிக்குல் நான்கு கட்டி இருந்தார். பிக்குலுக்கு நூறு கட்டி, கட்டிக்கு ஒன்றேகால் ராத்தலுக்குக் கொஞ்சம் மேலே. ஆக நூற்று நான்கு கட்டி. மூன்று நாளில் எட்டுக் கட்டி இறங்கியிருந்தது. தராசிலிருந்து இறங்கியவர் நேராகக் கக்கூசுக்கு ஓடினார். ஜப்பான்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

நீங்கள் அப்போது மரவள்ளிக் காட்டுக்குள் ஒளிந்திருந்தீர்கள். மண்டோர் எப்படி நேராக நீங்கள் இருந்த இடத்துக்கே வந்தார் என்று சயாமில் யோசித்திருப்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் நம் வாசலில் வந்து நின்றார். "வீரமுத்துவ வேணாம்னுட்டானுவ. ஆனா வீட்டுக்கு ஒரு ஆளுன்னு எழுதியாச்சு. இன்னிக்கு எண்ணிக்கை கொறஞ்சா எனக்குத்தான் அடி விழும். வேற யாரு இருக்கா ஒங்க வீட்டுல?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். எந்தப் பக்கத்து வரப்பு என்பதையும் சொன்னேன்.

அண்ணன் கக்கூசிலிருந்து வரும்போது லாரி கிளம்பிவிட்டது. நீங்கள் அதில் நின்றதை அவர் பார்த்தார். பின்னாலேயே ஓடினார், தம்பி. அந்த வயிற்றோடு பாரோய் ஊர் வரைக்கும் ஓடியிருக்கிறார். அங்கே ரோட்டோரம் விழுந்து கிடந்தவரை மறுநாள் மதார் மைதீன் மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தார். கால் இரண்டும் தோல் உரிந்து கிடந்தது. நான் மஞ்சள் அரைத்துப் போட்டேன்.

"அடுத்த லாரி எப்ப வந்தாலும் நான் ஏறிடுவேன்," என்றார். "நல்லசாமி அங்க தனியா கெடக்கான். போய்க் கண்டுபிடிச்சு, அவன் வேலையையும் சேத்து நான் பாக்குறேன். எனக்கு இனிமே எந்த மருந்தும் குடுக்காத, கேட்டியா?" அன்றைக்கே ஒரு மூட்டை கட்டினார். இரண்டு கைலி, உங்களுடைய பச்சைச் சட்டை, கொஞ்சம் புகையிலை. அந்த மூட்டை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, பிரிக்கவில்லை. பிறகு எடுத்துப் பாருங்கள்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அவர் உங்களைத் தள்ளிவிடவில்லை. வருவதற்குத்தான் இருந்தார். வர விடாதது நான்.

புருஷன் சாவைத் தேடிப் போகிறேன் என்று மூட்டை கட்டினால் எந்தப் பெண்சாதி பார்த்துக்கொண்டு இருப்பாள்? சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரி ஊற்றலாமென்றால் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனால் கஞ்சியில் கலந்தேன்.

ஆடி மாதம் லாரி வந்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். ஆவணியிலும் வந்தது. அந்தத் தடவை வாசற்படியைத் தாண்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு லாரியின் சத்தம் தேய்கிறவரை கேட்டுக்கொண்டே நின்றார், பிறகு அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் வீட்டில் இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கடைக்குப் போவது நின்றது. விறகு பிளக்க முடியவில்லை. முகம் கழுவ நான், தலை துவட்ட நான், வெளிக்குப் போக என் தோள். ஒரு நாள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து "பஞ்சால" என்று ஒரு குரல். யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர்தான். பதினோரு வருடத்தில் முதல் தடவை. கையில் இருந்த துணி கீழே விழுந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இல்லை, தம்பி.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளை நிறுத்து எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரை ஸ்டோருக்கு அழைத்துக்கொண்டுபோய்த் தராசில் ஏற்றுவேன். ரப்பர் வேலை நின்றுபோனதால் அங்கே யாரும் இல்லை. தொண்ணூறு கட்டி. எண்பத்தொன்று. எழுபத்து நான்கு. முதலில் நடந்து வந்தார், பிறகு சாய்ந்து வந்தார், பிறகு நானே தூக்கிக்கொண்டு போனேன். என் கழுத்தைக் கட்டிக்கொள்வார். அறுபத்திரண்டுக்கு வந்தபோது தூக்குவதற்குக் கஷ்டமே இல்லை.

விளக்கெண்ணெய் தீர்ந்தது. பேதி உப்பும் தீர்ந்தது. அலமாரியின் அடித்தட்டில் கடும் பேதிக்கான நேர்வாள விதை ஒரு ஜாடி இருந்தது. அதை டிரெசர் ஐயா என்னைத் தொட விட்டதே இல்லை. நான் பார்த்துப் பார்த்துத்தான் சேர்த்தேன்.

"கஞ்சி கசக்குது பஞ்சால," என்றார்.

"கெழங்கு கசப்புங்க."

கிண்ணத்தைக் காலி செய்தார்.

ஐப்பசியில் தீபாவளி என்று பேருக்கு ஒன்று வந்தது. அது கழிந்த சில நாளில் மண்டோர் முருகையா வாசலுக்கு வந்தார். அவருக்கே கண்ணெல்லாம் குழி விழுந்து போயிருந்தது. "சயாம் ரயிலு ரெண்டு பக்கமும் சேந்துடுச்சாம். இனிமே நம்ம தோட்டத்துல ஆள் எடுக்க மாட்டானுவ. வீரமுத்துகிட்டச் சொல்லு, பயப்படாம எந்திரிச்சு நடமாடட்டும்," என்றார். சரி என்றேன். உள்ளே போனேன். அவர் என்னவென்று கேட்டார். கிழங்கு வெட்ட ஆள் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

ஜப்பான்காரன் பேச்சை நம்ப முடியுமா? இன்றைக்கு இல்லை என்பான், நாளைக்கு லாரியோடு நிற்பான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கும் கஞ்சி வழக்கம்போலத்தான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு அவரைத் தூக்கினபோது கனம் தெரிந்தது. தராசு எழுபது காட்டியது. எட்டுக் கட்டி எப்படி ஏறும்? நான் இல்லாத நேரம் பார்த்து யாரோ சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். முகம் உப்பியிருந்தது, கால் தூண் மாதிரி இருந்தது. சதை போடுகிறது. சதை போட்டால் எழுந்துவிடுவார், எழுந்தால் மூட்டையை எடுப்பார். மருந்தைக் கூட்டினேன்.

மதார் மைதீன் வீட்டுக்காரி ஹபீபுன்னிசா ஒரு நாள் பார்க்க வந்தாள். அவர் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது. அவள் முகம் மாறிவிட்டது.

"அடி ஆத்தே, இது சதை இல்ல புள்ள, நீரு. பட்டினி வீக்கம். எங்க கடையில வேல பாத்தவருக்கும் இப்படித்தான் வந்துச்சு, தவுட்டுலதான் எந்திரிச்சாரு. இந்தா, அரிசித் தவுடும் பச்சப்பயறும். மூணு வேளையும் காச்சிக் குடு. பேதி கீதி ஒண்ணும் குடுத்துடாத, செத்துருவாரு."

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினாள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். தங்கமான பெண். ஆனால் அவளுக்கு வைத்தியம் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில் பத்து வருடம் இருந்தவள். தவிட்டைக் கோழிக்குப் போட்டேன். கோழி நன்றாகத் தேறியது.

பொங்கல் கழிந்து நான்காம் நாள். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டுகிற பெரட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு வாய் வாங்கினார்.

"இன்னிக்கும் கசக்குதா?" என்று நானாகத்தான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"கசக்குது. தெரியும் பஞ்சால." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நல்லசாமி வந்தா சொல்லு. நான் வரமாட்டேன்னு இருக்கல. எந்திரிக்க முடியல, அவ்வளவுதான்னு சொல்லு." பிறகு, "குடு," என்று வாயைத் திறந்தார்.

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. மீதியையும் கொடுத்தேன். வெளியே பெரட்டு மணி அடித்து முடிந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது, அவரும் போய்விட்டார். அடக்கம் செய்வதற்கு முன் ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லைதான். ஆனால் கடைசி எடை தெரிய வேண்டாமா? ஐம்பத்தெட்டு.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர் சொன்ன சேதியையும் சேர்த்துவிட்டேன். நீங்கள் அழுவது சரிதான், அழுங்கள். சயாமுக்குப் போன ஆள் உயிரோடு வந்திருக்கிறார், போகாத ஆள் செத்துவிட்டார் என்று உங்களைப் பார்த்ததும் ஹபீபுன்னிசா சொன்னாளாம். சொல்லட்டும். அவரைக் கடைசிவரை சயாமுக்கு விடாமல் காப்பாற்றியது நான்தான்.

ஒன்று மட்டும்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. போன வருடம் கார்த்திகையிலிருந்து, விடியற்காலையில் பெரட்டு மணி அடிக்கும்போது அவருடைய கட்டில் அழுந்துகிறது. ஆள் எழுந்து உட்கார்ந்தால் பலகை முனகுமே, அந்தச் சத்தம். முதலில் லேசாகத்தான் இருந்தது. மாதத்துக்கு மாதம் கனம் கூடுகிறது. நான் எடை பார்த்துப் பழகியவள், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இப்போது ஒரு பிக்குல் முப்பதுக்கு மேல் இருப்பார். அடியில் மூட்டையை இழுக்கிற சத்தமும் கேட்கிறது. கஞ்சி வைத்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது, தொடுவதில்லை. இன்று காலையில் அந்தக் கட்டிலில் நீங்கள் படுத்திருந்தீர்கள். மணி அடித்தபோது சத்தமே இல்லை. ஒரு வருடத்தில் முதல் தடவையாக நான் பயமில்லாமல் எழுந்தேன்.

நாளைக்குக் கோலா பிலாவுக்கு வேலை தேடிப் போவதாகச் சொன்னீர்கள். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நேற்று நீங்கள் தூங்கும்போது உங்கள் காலை அழுத்திப் பார்த்தேன். குழி விழுகிறது. முகமும் உப்பியிருக்கிறது, வயிறு ஊதியிருக்கிறது. சயாமின் அழுக்கு முழுக்க ஈரலில் தங்கியிருக்கிறது. அதை இறக்காமல் எங்கேயும் போகக் கூடாது. கொஞ்ச நாள் படுத்திருந்தால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன். ஜாடியில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அண்ணனுக்குச் செய்ததில் என்ன தவறு என்று யோசித்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்துவிட்டேன். உங்களிடம் எனக்கு ஒரு வசதியும் இருக்கிறது. கொழுந்தனைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெறும் வயிற்றோடு இருங்கள், நல்லசாமி.